இக்கேஜாவில் ஃபேலா

நைஜீரியாவின் லாகோஸுக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லிவைக்கிற பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். இருட்டினால் வெளியே போகாதே, ஜெனரேட்டருக்கென்று தனியாகக் காசு எடுத்து வை, உளுந்து கண்ணில் பட்டால் மொத்தமாக வாங்கிவிடு. 2011 கடைசியில் என் கணவருக்கு லாகோஸின் இக்கேஜா பகுதியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை கிடைத்து நாங்கள் வந்தபோது, பக்கத்துத் தெரு அக்கா இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். "அகிடிங்பி பக்கம் ஷ்ரைன்னு ஒரு இடம் இருக்கு. ஒரே கஞ்சாப் புகை. அந்தத் திசையில தலைவச்சுக்கூடப் படுக்காதே."

வீடு ஒழுங்காவதற்குள் ஊரே நின்றுபோனது. 2012 புத்தாண்டு அன்று அரசாங்கம் பெட்ரோல் மானியத்தை எடுத்துவிட்டது. லிட்டர் 65 நைராவாக இருந்தது 141-க்கு ஏறியது. மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் ஊரில் ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், மின்விசிறி எல்லாமே பெட்ரோலில்தான் ஓடுகின்றன. ஜனவரி 9-ஆம் தேதி நாடு முழுக்க வேலைநிறுத்தம் தொடங்கியது. கம்பெனிக்குப் பூட்டு. ஓஜோட்டாவில் கானி ஃபாவெஹின்மி பூங்காவில் கூட்டம் திரண்டதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே முழங்கியதெல்லாம் ஃபேலா குட்டியின் பாட்டுகள். ஆஃப்ரோபீட் என்ற இசையை உருவாக்கிய நைஜீரியப் பாடகர், 1997-லேயே இறந்துபோன மனிதர். அவருடைய இளைய மகன் ஷேயுன் குட்டி கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தார்.

எங்கள் வீட்டின் உரிமையாளர் மாடியில் குடியிருந்தார். பெரியவர்களை இங்கே பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நாங்களும் அவரை டாடி என்றே அழைத்தோம். வேலைநிறுத்த நாட்களில் அவர் பழைய இசைத்தட்டுகளை எடுத்துத் தூசி தட்டினார். ஜெனரேட்டர் ஓடும் இரண்டு மணி நேரத்தில் பாதி ஃபேலாவுக்கு.

எனக்குப் பாட்டு என்றால் பல்லவி, சரணம், மிஞ்சினால் ஐந்து நிமிஷம். இங்கே இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. கிட்டார் ஒரு சின்னத் துண்டை விடாமல் திருப்பித் திருப்பி வாசிக்கும். அடியில் அவர் குழுவின் டோனி ஆலன் வாசிக்கும் டிரம்ஸ், பரபரப்பே இல்லாமல், நாலு கையால் வாசிக்கிற மாதிரி. அப்புறம் ஊதுகருவிகள். பாடுகிறவர் வாயைத் திறக்கவே ஏழெட்டு நிமிஷம் ஆகும். அதற்குள் உடம்பு தாளத்துக்குப் பழகிவிடுகிறது, பிறகு அவர் வையத் தொடங்கினால் எழுந்து போக மனம் வருவதில்லை. வசவும் அவருடைய தாய்மொழியான யொரூபாவில் இல்லை, பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலத்தில். நாட்டின் எந்த மூலையில் இருப்பவருக்கும் புரிய வேண்டும் என்பது அவர் கணக்கு.

ரேடியோவுக்கு இந்த நீளம் ஒத்துவராது. அவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரு பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டுவிட்டால் மேடையில் மறுபடி பாட மாட்டார். புதிதாகக் கேட்க வேண்டுமானால் அவர் கச்சேரி நடத்திய ஷ்ரைன் என்ற கிளப்புக்கே போக வேண்டும். பாட்டுக்கு நடுவில் மைக்கைப் பிடித்து ஆட்சியில் இருப்பவர்களைப் பேர் சொல்லிக் கிண்டலடிப்பார். அதற்கு யாபிஸ் என்று பெயர். மறுநாள் செய்தித்தாளில் வராதது முந்தின ராத்திரி அங்கே வந்துவிடும் என்றார் டாடி.

'ஸாம்பி' 1976-இல் வந்தது. சிப்பாய்களுக்குக் கொடுக்கிற அணிவகுப்புக் கட்டளைகளையே வரிகளாக்கி, சொன்னால் மட்டுமே நகரும் பிணங்கள் என்று பாடினார். 1977 பிப்ரவரி 18 அன்று ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்கள் அவருடைய கலகூட்டா வீட்டைச் சூழ்ந்து அடித்து நொறுக்கித் தீ வைத்தார்கள். அவருடைய அம்மா ஃபுன்மிலாயோவை மாடி ஜன்னல் வழியாகத் தூக்கி வீசினார்கள். 76 வயது. அடுத்த ஆண்டு இறந்துபோனார். 1940-களில் அபேயோகுட்டாவின் சந்தைப் பெண்களைத் திரட்டி, வரிக்கு எதிராகப் போராடி, அந்த ஊர் மன்னரையே அரியணையை விட்டு இறங்க வைத்தவர் அவர். விசாரணை நடந்தது. 'அடையாளம் தெரியாத சிப்பாய்' செய்தது என்று முடித்தார்கள். ஃபேலா அதையும் பாட்டாக்கினார். அம்மா பேரில் ஒரு சவப்பெட்டியை ராணுவ ஆட்சியின் தலைமையிடமான டோடன் பாரக்ஸ் வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

டாடி அப்போது மாணவர். பஸ்ஸிலிருந்து புகையைப் பார்த்ததாகச் சொன்னார்.

எனக்கு ஒரு விஷயம் தொண்டையில் இறங்கவில்லை. அப்பேர்ப்பட்ட அம்மாவின் மகன், 1978-இல் ஒரே சடங்கில் 27 பெண்களை மணந்துகொண்டார். சமமாக நடத்தச் சொல்கிற பெண்களைக் கேலி செய்து ஒரு பாட்டும் இருக்கிறது. டாடியின் மனைவியிடம் கேட்டேன். பல்லைக் கடித்து நீளமாக ஒரு 'ஸ்ஸ்' விட்டார். இங்கே பெண்கள் அலட்சியத்தை இப்படித்தான் காட்டுவார்கள். அதற்கு மேல் அவர் பேசவில்லை, ஆனால் இசைத்தட்டையும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஜனவரி 16 அன்று விலையை 97 நைராவாகக் குறைத்தார்கள், வேலைநிறுத்தமும் முடிந்தது. ஓஜோட்டாவில் சிப்பாய்கள் வந்து நின்றதை டிவியில் காட்டியதும், டாடி ஜன்னலைத் திறந்து வைத்து 'ஸாம்பி'யைப் போட்டார். எதிர்வீட்டு ஜெனரேட்டரை மீறிக் கேட்டது. தெருவில் டயர் ஒட்டுகிற பையன் ஸ்பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு லெஃப்ட் ரைட் போட்டான்.

ஷ்ரைனுக்கும் போனேன். பழைய ஷ்ரைன் இப்போது இல்லை. மூத்த மகன் ஃபெமியும் மகள் யேனியும் 2000-இல் திறந்த புதிய ஷ்ரைன் இது. வியாழக்கிழமை ஃபெமியின் ஒத்திகைக்கு டாடி கூட்டிப்போனார். புகை இருந்தது, அக்கா சொன்னது பொய்யில்லை. சூயா இறைச்சி வாசனையும் ஆபீஸ் முடிந்து டையைத் தளர்த்திக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். 2018 ஜூலையில் பிரெஞ்சு அதிபர் மாக்ரோன் அங்கே வந்துபோனதும் அக்காவே போன் செய்தார்: "ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

2020 அக்டோபரில் சார்ஸ் என்ற போலீஸ் பிரிவைக் கலைக்கச் சொல்லி இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். டாடியின் மகன் தினமும் அலவ்சாவில் நடந்த போராட்டத்துக்குப் போனான். அங்கே ஃபேலாவும் ஒலித்தார், ஆனால் கூட்டம் குதித்தது இந்தத் தலைமுறைப் பாடகர் டேவிடோவின் 'ஃபெம்' பாட்டுக்கு. யாரையோ வாயை மூடச் சொல்கிற பாட்டு. எழுதும்போது அதில் அரசியல் கிடையாது. டாடிக்குப் பொறுக்கவில்லை.

"இது ஆஃப்ரோபீட் இல்லை. மூன்று நிமிஷத்தில் என்ன சொல்ல முடியும்?"

"போலீஸ் வந்தால் ஓடணும் டாடி. உங்க பாட்டில் அதுவரைக்கும் கிட்டார்தான் வாசிச்சுட்டு இருப்பாங்க."

அக்டோபர் 20 ராத்திரி லெக்கி சுங்கச்சாவடியில் ராணுவம் சுட்டது. ஊரடங்கு. பையன் நல்லவேளையாக வீட்டில் இருந்தான். அப்பாவும் மகனும் ஆளுக்கொரு போனில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுச் சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. அக்டோபர் வந்து ஃபேலா விழா தொடங்கினால் போதும், மாடியில் ஆரம்பித்துவிடும்.