எத்தனால் வந்தது சரி, கரண்ட் எங்கிருந்து வந்தது?

"கரியமில வாயுவிலிருந்து எரிபொருள்! இனி பருவநிலைக் கவலை தீர்ந்தது" என்று மைத்துனர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அதற்குக் கீழேயே சித்தப்பா, "பருவநிலை மாற்றமே கட்டுக்கதை, இதில் இது வேறயா?" என்று போட்டிருந்தார். இருவருமே செய்தியை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள்.

செய்தி பொய்யில்லை. 2016-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில், தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை அறை வெப்பநிலையிலேயே, மின்சாரம் செலுத்தி, எத்தனால் என்ற திரவ எரிபொருளாக மாற்றினார்கள். கார்பனில் நானோ அளவுக்கு முட்களை வளர்த்து, மேலே செம்புத் துகள்களைப் பதித்த மின்முனை அது. கார்பன் டை ஆக்சைடை இப்படி மாற்றும் செம்பின் குணம் ஜப்பானின் யோஷியோ ஹோரி 1980களில் செய்த ஆய்வுகளிலேயே தெரிந்ததுதான். ஆனால் வெறும் செம்பில் மீத்தேன், எத்திலீன் என்று எல்லாம் கலந்துகட்டி வரும். முள் வைத்ததும் பெரும்பகுதி எத்தனாலாக வந்தது; ஆய்வாளர்களே எதிர்பார்க்கவில்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே இந்த முள்தான்.

அப்புறம் அந்த ஆய்வு சொன்ன 63 சதவீதம். அதை ஆற்றல் திறன் என்று பலர் எழுதிவிட்டார்கள். செலுத்திய எலக்ட்ரான்களில் 63 சதவீதம் எத்தனாலுக்குப் போனது, அவ்வளவுதான். ஒரு எத்தனால் மூலக்கூறுக்கு 12 எலக்ட்ரான் வேண்டும். கொள்கைப்படி அவற்றைத் தள்ள சுமார் 1.14 வோல்ட் போதும். இங்கே செம்புப் பக்கம் மைனஸ் 1.2, ஆக்சிஜன் வரும் பக்கம் குறைந்தது 1.23; ஆக மொத்தம் குறைந்தது 2.43 வோல்ட். பேப்பரில் போட்டுப் பார்த்தேன்: செலவான மின்சாரத்தில் எத்தனாலில் தங்குவது அதிகபட்சம் 30 சதவீதம்தான்.

கார்பன் டை ஆக்சைடு என்பது எரிந்து முடிந்த சாம்பல். அதைத் திரும்ப விறகாக்க, எரிந்தபோது கிடைத்ததைவிடக் கூடுதலாகவே கொடுத்தாக வேண்டும். அந்த மின்சாரமே நிலக்கரியிலிருந்து வந்தால் மொத்தமும் நஷ்டக் கணக்கு. உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. மைத்துனர் அதையும் பார்க்க வேண்டும். சித்தப்பாவுக்கு, ஹவாயின் மௌனா லோவா மலையில் எடுக்கும் அளவீடு: காற்றில் கார்பன் டை ஆக்சைடு 1958-ல் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இன்று 420-க்கு மேல்.

அதற்காக இந்த ஆராய்ச்சி வீண் என்று சொல்ல மாட்டேன். நெடுந்தூர விமானத்தையும் கப்பலையும் பேட்டரியில் ஓட்டுவது கஷ்டம். அங்கே திரவ எரிபொருள்தான் வேண்டும். ஐஸ்லாந்தில் புவிவெப்ப மின்நிலையம் கக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து மெத்தனால் தயாரித்துக் காட்டினார்கள். நானோ முள் எதுவும் இல்லை, பழைய பாணி வினையூக்கிதான். ஆனால் அங்கே மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க நீரிலும் நிலத்துச் சூட்டிலும் கிடைக்கிறது.