56 டிகிரியில் இரண்டு வெட்ஜ்: சென்னை கோல்ஃப் மைதானக் குறிப்புகள்

4 ஜனவரி 2025, சனி

நான்கு வெட்ஜ்கள் (குறுந்தூர அடிக்கான கோல்ஃப் க்ளப்கள், அதாவது மட்டைகள்) வந்திருக்கின்றன. டிகிரி என்பது லாஃப்ட், அதாவது பந்தில் படும் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். பவுன்ஸ் என்பது அடிப்பகுதி தரையை நோக்கிப் புடைத்திருக்கும் கோணம். 50 டிகிரி (பவுன்ஸ் 8), 60 டிகிரி (பவுன்ஸ் 8), 56 டிகிரியில் இரண்டு: ஒன்றுக்கு பவுன்ஸ் 14, மற்றதற்கு 8. பையில் தங்கப்போவது மூன்றுதான். இன்றைய அயர்ன் (இரும்புத் தலை க்ளப்) செட்களில் கூடவே வரும் பிட்ச்சிங் வெட்ஜே 44 டிகிரிக்கு இறங்கிவிட்டது. அதற்கும் பழைய 56-க்கும் நடுவே 12 டிகிரி பள்ளம். அதை மூடத்தான் 50.

பந்தைத் தொடுவதற்கு முன் தலையின் கோணங்களை அளக்கும் லாஃப்ட்-லை மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். தலையில் பொறித்த எண்ணுக்கும் உண்மைக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம். இங்கே 50 என்றது 51 காட்டியது. 49-க்கு வளைக்கக் கொடுத்தாயிற்று. லாஃப்ட் எத்தனை டிகிரி குறைகிறதோ, பவுன்ஸும் அத்தனை டிகிரி குறையும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டே வளைக்கச் சொல்ல வேண்டும். மென்மையான கார்பன் ஸ்டீல் தலை இசைந்து கொடுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வார்ப்புத் தலையை 2 டிகிரிக்கு மேல் வளைத்தால் கழுத்தில் விரிசல் விழ வாய்ப்புண்டு.

5 ஜனவரி, ஞாயிறு

ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) மேட், அதாவது செயற்கைப் புல் விரிப்பின் மேல் இரண்டு 56-ஐயும் மாற்றி மாற்றி அடித்தால் துளி வித்தியாசம் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் விழுந்தாலும் சோல் (தலையின் அடிப்பகுதி) மேட் மீது வழுக்கிக்கொண்டு வந்து பந்தை நன்றாகவே எடுத்துவிடும். அதே அடி புல்லில் விழுந்தால் மண்ணுக்குள் புதைந்து நிற்கும். மேட்டில் அடித்துப் பார்த்து வெட்ஜ் வாங்குவது, கடையின் கம்பளத்தில் நடந்து பார்த்துவிட்டு வயலுக்குச் செருப்பு வாங்குவது போலத்தான்.

மேட்டால் ஒரே பயன், தூரம் அளப்பது. இடுப்பளவு, தோளளவு, முழு வீச்சு என மூன்று அளவிலும் பத்துப் பத்து பந்து. அதில் மிகத் தூரமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதி எட்டுக்குச் சராசரி. முழு வீச்சில் பிட்ச்சிங் வெட்ஜ் 116 கெஜம், வளைத்த 49 வெட்ஜ் 101, 56 வெட்ஜ் 83, 60 வெட்ஜ் 70. 101-க்கும் 83-க்கும் நடுவில் 18 கெஜம் கொஞ்சம் அதிகம்தான். 49-இல் தோளளவு வீச்சு 91 போகிறது, அது போதும். ரேஞ்ச் பந்துகளின் தோல் கெட்டியானது, வெட்ஜில் சுழலாது. சொந்தப் பந்துகளைக் கொண்டுபோவது நல்லது.

11 ஜனவரி, சனி

காலை 6.30. மார்கழிப் பனியில் புல் நனைந்து கிடக்கிறது. புதிய க்ரூவின் (முகத்தில் வெட்டிய கோட்டுப் பள்ளத்தின்) கூர்மையை நம்பி அடித்தால் பந்து உயரமாகக் கிளம்பி, சுழற்சியே இல்லாமல் கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரையில்) விழுந்து ஓடுகிறது. முகத்துக்கும் பந்துக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் பிடிப்பு போய்விடும். தண்ணீரையும் புல்சாற்றையும் ஒதுக்க வழி கொடுப்பதுதான் க்ரூவின் முதல் வேலை. காய்ந்த ஃபேர்வேயில் (சீராக வெட்டிய புல்தரையில்) பந்தைப் பிடிப்பதில் முகத்தின் சொரசொரப்புக்கும் பெரிய பங்கு உண்டு. 9 மணிக்குப் பனி காய்ந்தபின் அதே இடத்தில் அதே அடி: இரண்டாம் துள்ளலில் நின்றது.

2010 முதல் தயாராகும் வெட்ஜ்களில் க்ரூவின் விளிம்பு குறைந்தது 0.010 அங்குல ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும் என்பது விதி. ரஃப்பிலிருந்து (உயரமான புல்லிலிருந்து) அந்தக் காலத்து வெட்ஜ் கொடுத்த சுழற்சியைப் புதியதிடம் எதிர்பார்க்கக் கூடாது.

12 ஜனவரி, ஞாயிறு

முக்கியமான சோதனை இன்றுதான். புல்மேல் வெள்ளை ஸ்ப்ரே பெயின்ட்டில் நேர்கோடு போட்டு, பந்தே இல்லாமல் கோட்டின்மேல் பத்து வீச்சு. மண் எங்கே பெயர ஆரம்பிக்கிறது, எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தொடங்கி ஆழமாக வெட்டுபவருக்கு பவுன்ஸ் அதிகம் தேவை. கோட்டுக்கு முன்னால் மேலோட்டமாகச் சீவுபவருக்குக் குறைவே போதும்.

சோலின் அடிவயிறு முன்விளிம்பைவிடக் கீழே தொங்கும் அளவுதான் பவுன்ஸ். கிரீனைச் சுற்றிப் புல் தேய்ந்த கட்டாந்தரையில் பவுன்ஸ் 14 முதலில் தரையில் மோதி எகிறியது. முன்விளிம்பு பந்தின் நடுவயிற்றில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி ஓடியது. முகத்தைத் திறந்தால் பவுன்ஸ் இன்னும் கூடி நிலைமை மோசமாகிறது. பவுன்ஸ் 8 அங்கே சுத்தமாக எடுத்தது. ஆனால் பெர்முடா புல் எதிர்முகமாகச் சாய்ந்திருக்கும் இடத்தில் கதை தலைகீழ். 8 வேரில் சிக்கி நின்றது, 14 வழுக்கிக்கொண்டு போனது. இந்த ஊர் மைதானங்களில் பெரும்பாலும் பெர்முடாதான், ஆகவே இதை அலட்சியம் செய்ய முடியாது.

18 ஜனவரி, சனி

பங்கர் (மணல் குழி). உலர்ந்த, ஆழமான மணலில் 14-க்குப் போட்டியே இல்லை. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் இறக்கினால் தானே வெளியே வருகிறது. 8 அதே மணலில் உள்ளே இறங்கிவிடுகிறது. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாராசென் 1930-களின் தொடக்கத்தில் சோலில் ஈயத்தைப் பற்றவைத்துச் சாதித்தது இதைத்தான். 1932-இல் பிரிட்டிஷ் ஓபனையும் ஜெயித்தார். தண்ணீர் பாய்ச்சி இறுகிய மணலில் மட்டும் 14 எகிறுகிறது, அங்கே 60/8 (லாஃப்ட் 60, பவுன்ஸ் 8) சரி.

மணலின் தன்மையைக் கையாலோ க்ளப்பாலோ சோதிக்க விதி இடம் தராது. நிற்பதற்காகப் பாதத்தைப் புதைக்கலாம். எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பாதமே சொல்லிவிடும்.

26 ஜனவரி, ஞாயிறு

முடிவு: 49, 56/14, 60/8. 56-உம் 60-உம் ஒரே பவுன்ஸில் இருந்தால் ஒரே தரைக்கு இரண்டு க்ளப் சுமப்பதாகும். 56/8 திரும்பப் போகிறது. 14 க்ளப் வரம்புக்குள் அடங்க 4 அயர்ன் வெளியே.

60-இன் தலை கையில் லேசாகப்பட்டது. பின்புறம் 4 கிராம் ஈய டேப் ஒட்டியதில் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதன் அளவு) D3-இலிருந்து ஏறத்தாழ D5-க்கு ஏறியது. 2 கிராமுக்கு ஒரு புள்ளி என்பது கணக்கு. முலாம் பூசாத தலை என்பதால் கடற்காற்றில் ஒரே இரவில் துரு பூத்துவிட்டது. ஆட்டத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. பிடிக்காதவர்கள் ஈரம் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கலாம். ஆடப்போகும் முன் முகத்திலிருந்து எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். பங்கர் பயிற்சிக்குப் பழைய 56-ஏ போதும். மணலைப் போல க்ரூவைத் தேய்ப்பது வேறில்லை.