நவம்பர் 1-க்கு (குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த நாள்) குறுக்கெழுத்து போடுறவங்க கவனத்துக்கு

மறைவிடையை, அதாவது நிழல் கட்டங்களைச் சேர்த்துப் படிச்சா வர்ற சொல்லை, முதல்ல முடிவு பண்ணுங்க, கட்டம் அப்புறம். ‘குளச்சல்’னு வச்சா அஞ்சு கட்டம்: கு, ள, ச், ச, ல். ள, ச், ல் மூணும் சொல்லுக்கு முதல்ல வராது. அதனால முதலெழுத்தைக் கோர்க்கிற வித்தை இங்க செல்லாது. நடுவில நிழலடிச்ச கட்டம்தான் வழி.

அந்த அஞ்சு எழுத்தைத் தர்ற விடைகள்: குழித்துறை (1), கேரளபுரம் (3), பேச்சிப்பாறை (2), நேசமணி (2), கல்குளம் (2). அடைப்பில இருக்கிறது எத்தனையாவது எழுத்துங்கிறது. நேசமணி, குமரி இணைப்புக்குப் போராடின தலைவர்; மத்ததெல்லாம் குமரி ஊர்கள். திருவிதாங்கூர்ல கு கிடைக்கும்னு நினைக்காதீங்க, அது கூ. வேளிமலையில ளி, ள இல்ல. பெரும்பாலும் இங்கதான் சறுக்கும்.

குழித்துறையும் பேச்சிப்பாறையும் ‘றை’யில முட்டும். கேரளபுரமும் கல்குளமும் ‘ம்’ல. நேசமணியைக் கோர்க்க ஆள் இல்லைனா பத்மநாபபுரத்தைச் சேர்த்துக்கோங்க, ரெண்டுலயும் மூணாவது ‘ம’. இங்கிலீஷ் மாதிரி சமச்சீர் கட்டத்துக்கு மல்லுக்கட்டாதீங்க, 247 எழுத்தை வச்சுகிட்டு நடக்காது.

டிலனாய் (குளச்சல்ல தோத்த டச்சுத் தளபதி) பேரை ஆளுக்கொரு விதமா எழுதுவாங்க, விடையா வேண்டாம். குறிப்புலயும் வேண்டாம், மறைவிடை அங்கயே உடைஞ்சிடும். நிழல் கட்டத்துக்கு 1–5 எண் போட்டு, கீழே ஒரே வரி: ‘1741 ஆகஸ்ட் 10, டச்சுக்காரங்க தோத்த இடம்.’ அச்சுக்கு முன்னாடி வெறும் கட்டத்தை இன்னொருத்தர்கிட்ட குடுத்து நிரப்பச் சொல்லுங்க.