வால் எங்கே இருக்கிறது?

சிவில் படித்தவனுக்குச் சாலை போடத் தெரியும். போட்ட சாலையை நடத்தத் தெரியாது. போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இது உறைத்துவிட்டது.

முதலில் வகுப்பு. சிக்னலின் சுழற்சி நேரத்துக்கு, அதாவது எல்லாப் பக்கத்துக்கும் ஒரு முறை பச்சை விழுந்து முடியும் நேரத்துக்கு, 1958-ல் வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தந்த சூத்திரத்தை நெட்டுரு போட்டேன். ஒரு சுழற்சியில் வீணாகும் நேரம் 10 விநாடி, ஓட்ட விகிதங்களின் (வரும் வண்டிகளுக்கும், பச்சையிலேயே இருந்தால் கடக்கக்கூடிய உச்ச அளவுக்கும் உள்ள விகிதம்) கூட்டு 0.75 என்றால் உகந்த சுழற்சி 80 விநாடி. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். பாடக் கையேடு மட்டும் பழைய மென்பொருளுக்கானது. அதில் இருந்த பாதி மெனுக்கள் எங்கள் திரையில் இல்லவே இல்லை.

அப்புறம் களப்பணி. ஒரு சந்திப்பில் ஆளில்லாத பக்கத் தெருவுக்கு ஒவ்வொரு சுற்றிலும் முழுப் பச்சை விழுந்துகொண்டிருந்தது. நேர அட்டவணையில் தப்பு என்று நான் லேப்டாப்பைத் திறந்தேன். கூட வந்த டெக்னீஷியன், "தம்பி, அதை மூடிட்டு ரோட்டைப் பாருங்க" என்றார். வண்டி நிற்பதை உணரும் டிடெக்டருக்காகத் தாரை வெட்டிக் கம்பிச் சுருள் பதித்த தடத்தின் குறுக்கே, யாரோ குழாய்க்காகத் தோண்டி மூடிய புது ஒட்டு. சுருள் அறுந்திருந்தது. டிடெக்டர் செத்தால் வண்டி நிற்பதாகவே சிக்னலை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி எடுத்துக்கொள்ளும். யாரும் சிவப்பிலேயே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. என் சூத்திரத்தில் குழாய்க்காரருக்கு இடமே இல்லை.

மூன்றாவது கட்டம், சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து கன்சோல் பழகுவது. வேலையை உண்மையில் கற்றது இங்கேதான். ஒருநாள் வலது தடத்தில் லாரி ஒன்று பழுதாகி நின்றது. கேமராவை லாரிமேல் குவித்தேன், மீட்பு வண்டிக்குச் சொன்னேன், சிரித்தேன்கூட. சீனியர் கேட்டது ஒன்றே ஒன்று: "வால் எங்கே இருக்கு?"

தெரியவில்லை. கேமராவைப் பின்னோக்கித் திருப்பினேன். நின்ற வண்டிகளின் வரிசை வளைவைத் தாண்டி வளர்ந்திருந்தது. அந்த வரிசையின் கடைசி முனைதான் வால். நான் எச்சரிக்கை போட்டிருந்த மின்னணுப் பலகை வரிசைக்கு நடுவில் இருந்தது. அதைப் படித்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நின்றிருந்தவர்கள். வளைவு திரும்பி முழு வேகத்தில் வருகிறவனுக்கு ஒரு தகவலும் இல்லை. இரண்டாவது விபத்து நடப்பது பெரும்பாலும் அந்த வாலில்தான். அதற்கும் முந்தைய பலகைக்குச் செய்தியை மாற்றுவதற்குள் கை வியர்த்துவிட்டது.

இறுதித் தேர்வு சிமுலேட்டரில். முதல் முறை தோற்றேன். காரணம் கணக்கு இல்லை, பேச்சு. "பாலத்துக்குப் பக்கத்துல விபத்து" என்று சொல்லிவிட்டேன். எந்தத் திசை என்று சொல்லவில்லை. நடுத்தடுப்புள்ள சாலையில் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் போய்விட்டால், அடுத்த திருப்பம்வரை போய்த்தான் வர வேண்டும். சாலை, திசை, கிலோமீட்டர் கல், தடம் என்ற வரிசை நாக்கில் ஏற இன்னும் 3 வாரம் பிடித்தது.

எங்கள் குழுவில் முதல் முறையே தேறியது இன்ஜினியர் யாரும் இல்லை, முன்பு ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் இருந்தவர்தான். அடுத்து எலக்ட்ரீஷியன். இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பட்டத்தை மட்டும் பார்ப்பது எனக்குப் புரியவே இல்லை. இன்னொன்று: சீனியருக்கு ஓய்வுபெறும் வயது நெருங்கிவிட்டது, அவருக்குத் தெரிந்தது எதுவும் அந்தக் கையேட்டில் இல்லை. எந்த வளைவில் வால் எவ்வளவு சீக்கிரம் வளரும், எந்தப் பலகை வெயிலில் தெரியாது என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் முறை தேறினேன். கையெழுத்தான தாளைப் பையில் வைப்பதற்குள், இரவு ஷிப்டுக்கு ஆள் இல்லை என்றார்கள். சரி என்று உட்கார்ந்தேன். விடியும்வரை ஒரே ஒரு பழுதான கார், அதுவும் சாலையோரத்தில். பதிவேட்டில் சாலை, திசை, கல், தடம் நான்கையும் எழுதி, கடைசியில் "வால் இல்லை" என்றும் சேர்த்தேன்.