மிஷினுக்கு அடியில இருந்த அந்த ரெண்டரை அடி

எங்க பட்டறைல நிக்கிறது அப்பா வாங்குன பழைய காம்பினேஷன் மிஷின். ஒரே ஷாஃப்ட்ல நடுவுல 12 இன்ச் இழைப்பு பிளாக் (கத்தி மாட்டுன உருளை), ஒரு ஓரத்துல சர்குலர் பிளேடு, மறு ஓரத்துல துளை போடுற சக்கு, கீழ 3 எச்பி மோட்டார், ரெண்டு வி பெல்ட், அவ்ளோதான். தென்காசி சுத்துவட்டாரத்துல சின்னப் பட்டறை எதுக்குள்ள நுழைஞ்சாலும் இந்த மாதிரி ஒண்ணைப் பார்க்கலாம். இத்தனை வருஷமா அதோட காலுக்கு நடுவுல இருந்த இடத்துக்கு ஒரே வேலைதான், தூள் குவியுறது. சாயங்காலம் சாக்குல அள்ளுவோம், அள்ளும்போது அந்தக் குவியலுக்குள்ளருந்து மூணு நாளா தேடுன ஆலன் கீ வரும்.

இந்த வருஷம் அந்த இடத்தைச் சரி பண்ணியே ஆகணும்னு இறங்குனேன். காரணம் அப்பாவோட இருமல். வேப்பமரம் இழைக்கிற அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல கூட கசப்பு இருக்கும், வாகை அறுத்தா தும்மல் நிக்காது, பலா அறுத்தா கைமுடியெல்லாம் மஞ்சளாகிரும், இதெல்லாம் தொழில்ல சகஜம்னே வளர்ந்துட்டோம். ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு மரத்தூளை, புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான முதல் குரூப்புல 1995லயே சேர்த்திருச்சு, முக்கியமா மூக்குக்குள்ள வர்ற புற்றுநோய். அதைப் படிச்சதுக்கு அப்புறம் சும்மா இருக்க மனசு வரல.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், யாராவது இதே வேலைல இறங்குனா இதை மட்டுமாவது மனசுல வைங்க. மோட்டாரையும் தூளையும் ஒரே பெட்டிக்குள்ள அடைக்காதீங்க. நான் முதல் தடவை அதைத்தான் பண்ணேன், நாலு பக்கமும் 12 எம்எம் பிளைவுட் அடிச்சு மூடி ஒரு ஓரத்துல குழாய் விட்டேன், பார்க்க நல்லா இருந்துச்சு. பத்து நாள்ல மோட்டார் மேல கை வைக்க முடியல. திறந்து பார்த்தா பின்னாடி ஃபேன் மூடியோட சல்லடை முழுக்க தூள் ஒரு தோல் மாதிரி ஒட்டி அடைச்சிருக்கு, காத்து உள்ளேயே போகல. வைண்டிங் கருகாம தப்பிச்சது பெரிய விஷயம்.

அதனால அந்தப் பெட்டியைக் கழட்டிட்டு இடத்தை மூணா பிரிச்சேன். மோட்டாருக்குத் தனி அறை, பின்பக்கம் திறந்தே இருக்கும், பெல்ட் மேல போற இடத்துல மட்டும் ஒரு சின்ன வெட்டு. நடுவுல தூள் இறங்குற சரிவு. மிச்சம் டிராயர்.

சரிவுதான் ரொம்ப படுத்துன இடம். 30 டிகிரில பலகை வச்சேன், ரம்பத்தூள் ஓரளவு இறங்குச்சு, இழைப்புச் சீவல் இறங்கவே இல்ல, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு குருவிக்கூடு மாதிரி வாயில நின்னுக்கிச்சு. அப்படி அடைச்சா இன்னொரு கெடுதலும் இருக்கு, சீவல் போக வழியில்லாம பிளாக்கோட சேர்ந்து திரும்பச் சுத்தி வந்து இழைச்ச பலகை மேலயே அமுங்கி பொட்டுப்பொட்டா குழி விழுந்துரும், பாலிஷ் போட்டா எல்லாம் பளிச்சுனு தெரியும். இப்போ 50 டிகிரி சரிவு, மேல சன்மைக்கா ஒட்டினது, ஸ்க்ரூ தலை ஒண்ணு கூட வெளிய நீட்டிக்கிட்டு இல்ல. நீட்டுனா அங்க ஒரு சீவல் மாட்டும், அதுல நூறு மாட்டும்.

தூளை இழுக்குறதுக்கு 1 எச்பி பை கலெக்டர், காத்தோட தூளை உறிஞ்சி துணிப்பைக்குள்ள சேர்க்குற மிஷின். குழாய் பெருசா இருந்தா நல்லா இழுக்கும்னு 6 இன்ச் பிவிசி போட்டேன், படுக்கையா போற இடத்துல பூரா சீவல் தங்கிருச்சு. அப்புறம்தான் கணக்கு போட்டுப் பார்த்தேன். சீவல் குழாய்ல விழாம போகணும்னா காத்து நிமிஷத்துக்கு ஏறக்குறைய 4000 அடி வேகத்துல ஓடணும், 4 இன்ச் குழாய்ல அதுக்கு நிமிஷத்துக்கு 350 கன அடி காத்து போதும், அதே காத்தை 6 இன்ச்ல விட்டா வேகம் பாதியை விடக் கீழ போயிரும். 4 இன்ச்சுக்கு மாத்தி, 90 டிகிரி எல்போ எல்லாத்தையும் எடுத்துட்டு ரெண்டு 45 டிகிரி பெண்டா போட்டதும் சரியாயிருச்சு. ரம்பத்துக்கு ஒரு வாய், இழைப்புக்கு ஒரு வாய், ரெண்டுலயும் தள்ளுற பலகை வச்சிருக்கேன், எந்த வேலை நடக்குதோ அதை மட்டும் திறப்போம். இந்த மிஷின்ல ஒரு நேரத்துல ஒரு வேலைதான் நடக்கும், அதனாலதான் 1 எச்பி தாங்குது.

கலெக்டரை உள்ள வைக்கல. அந்தத் துணிப்பை பெரும்பாலும் 30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) மேல உள்ள தூளைத்தான் பிடிக்கும், நுரையீரலுக்குள்ள போற தூள் 10 மைக்ரானுக்கும் கீழ, அது பை வழியா வெளிய வந்து திரும்ப நம்ம மேலதான் விழும். சுவத்துல ஓட்டை போட்டு பின்பக்கம் தகரம் இறக்கி அதுக்கடியில வச்சேன். பழைய மரம் அறுக்குற அன்னிக்கு ராத்திரி பையை காலி பண்ணாம போறதில்ல, உள்ள ஒளிஞ்சிருக்குற ஆணி பிளேடுல பட்டா பொறி பறக்கும், அந்தப் பொறி நேரா பைக்குள்ளதான் போகும்.

டிராயர் நாலு. கடைல எல்லாரும் டெலஸ்கோபிக் சேனல் (உருளை வச்சு ஓடுற இரும்புத் தண்டவாளம்) போடச் சொன்னாங்க, போட்டேன், ரெண்டே மாசத்துல உருளைக்குள்ள நைஸ் தூள் ஏறி கரகரன்னு நின்னுருச்சு. கழட்டிட்டு தேக்குச் சட்டம் வச்சு மெழுகுவத்தியால தேய்ச்சு விட்டேன், ஒத்தை விரல்ல இழுத்தா வருது. அடி டிராயர்ல ஜி கிளாம்ப், பழைய கட்டர், கனமானது எல்லாம். மேல உள்ளதுல ஸ்பேனர், ஆலன் கீ, ஸ்பேர் பிளேடு, அடியில சைக்கிள் டியூப் வெட்டிப் போட்டிருக்கேன், இல்லன்னா மிஷின் ஓடும்போது எல்லாம் உதறும். சாரல் காலத்துல பிளேடுல துரு ஏறாம இருக்க ஒவ்வொண்ணையும் லேசா எண்ணெய் தடவி பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன். டிராயர் பெட்டியை மிஷின் ஸ்டேண்டோட சேர்த்து முடுக்கல, அரை இன்ச் இடைவெளி விட்டு தனியா தரையில நிக்குது. முடுக்கியிருந்தப்போ அதிர்வுல ஸ்க்ரூ ஒவ்வொண்ணா லூஸ் ஆச்சு.

ஒரு சின்ன கூடுதல் வரும்படியும் உண்டு. முன்ன தூளும் சீவலும் கலந்து கிடக்கும், இப்போ இழைக்கிற அன்னிக்கு சீவல் மட்டும் சுத்தமா பைக்குப் போகுது, கோழிப்பண்ணைக்காரர் வந்து எடுத்துட்டுப் போறார். பிளைவுட், எம்டிஎஃப்னு சொல்ற மரநார்ப் பலகை அறுத்த தூளை மட்டும் அதுல சேர்க்குறதில்ல, அதுல பசை இருக்கு.

போன வாரம் ராத்திரி லைட்டை எல்லாம் அணைச்சுட்டு டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சு ஒரு தேக்குப் பலகையை ஓட்டிப் பார்த்தேன். இழைப்புல வெளிச்சத்துக்குள்ள ஒண்ணுமே மிதக்கல, அப்பா பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. ரம்பத்துல அப்படி இல்ல. கீழ போறது நல்லா போகுது, ஆனா பல்லோட சேர்ந்து டேபிளுக்கு மேல வர்றது டார்ச் வெளிச்சத்துல புகை மாதிரி எழும்புது. பிளேடுக்கு மேல ஒரு மூடி வச்சு அங்கேருந்தும் ஒரு குழாய் எடுக்கணும். அக்ரிலிக் ஷீட் வாங்கி வச்சாச்சு, அதுவரைக்கும் ரம்பத்துல நிக்கிறவங்க மாஸ்க் போட்டுத்தான் நிக்கணும்னு அப்பாகிட்டயும் சொல்லியிருக்கேன்.