தர்க்கத்துக்கு எத்தனை குழாய்?

மாசி, பங்குனி வந்துவிட்டால் எனக்கு வீட்டில் தூக்கம் கிடையாது. மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கத்தில் எந்த ஊரில் வள்ளி திருமணம் போட்டாலும் மைக்செட் கட்டப் போய்விடுவேன். பதினெட்டு வருடமாக இதுதான் தொழில். சங்கரதாஸ் சுவாமிகளின் அந்த நாடகம் எனக்குப் பாதிக்கு மேல் மனப்பாடம். முருகன் வேடனாக வந்து வம்பு பேசுவார். கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்பார். யானைக்குப் பயந்து வள்ளி அந்தக் கிழவனையே கட்டிக்கொள்வாள். இது தெரியாதவர்கள் யார்? தெரிந்த கதையை இரவெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்றால் பேச்சுக்காகத்தான்.

மேடையை வயலில் போட முடியாது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். நாங்கள் போகிற நேரத்தில் அது பச்சையாக நிற்கும். அதனால் கோயில் திடலில்தான் மேடை. ஒயரை வரப்பு ஓரமாகவே சுற்றிக் கொண்டுபோவேன். குறுக்கே இழுத்தால் நிறைய மிச்சமாகும். ஆனால் இன்னொருவர் உளுந்தை மிதிக்க எனக்கு மனசு வராது.

ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஆளை வரவழைத்து ஒரு இரவுக்குச் சேர்த்துப் போடும் இதை ஸ்பெஷல் நாடகம் என்போம். இதில் ஒத்திகை என்பதே இல்லை. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் வேறு ஊர். மேக்கப் போடும் இடத்தில்தான் அன்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம் மேடையில் நாரதரும் வள்ளியும் ஒரு மணி நேரம் தர்க்கம் செய்வார்கள். அவர் விட்ட கடைசி வார்த்தையை இவர் பிடித்துத் திருப்பிப் போட வேண்டும். எழுதி வைத்தது கொஞ்சம், அந்த நேரத்தில் பிறப்பதுதான் அதிகம். ஆக, இவர்களுக்கு வசனத்தைவிடக் காது முக்கியம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

நீடாமங்கலம் பக்கம் ஒரு ஊர். விழாக் கமிட்டிக்காரர்கள் நாலு தெருவுக்கும் கேட்க வேண்டும் என்றார்கள். சரி என்று மேடைக்கு இரண்டு, பாசன வாய்க்கால் மதகு பக்கம் இரண்டு என்று நாலு குழாய் ஒலிபெருக்கி கட்டினேன். மதகு நூற்றைம்பது மீட்டருக்கு மேல் இருக்கும். தர்க்கம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் வள்ளி தடுமாற ஆரம்பித்துவிட்டார். நல்ல அனுபவசாலி. கூட்டம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை. கோமாளி வேஷக்காரரான பபூன் உள்ளே நுழைந்து எதையோ பேசிச் சமாளித்தார். திரைக்குப் பின்னால் ஓடினேன்.

"தம்பி, அண்ணன் கேக்குற கேள்வி எனக்கு ரெண்டு தடவை கேக்குது. நான் எதுக்குப் பதில் சொல்றது?" என்றார். கோபமே இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒயரில் வார்த்தை மதகுக்கு உடனே போய்விடும். அங்கே குழாயிலிருந்து கிளம்பி மேடைக்குத் திரும்ப அரை நொடி. அந்த அரை நொடிக்குள் வள்ளி பதிலைத் தொடங்கியிருப்பார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய் அந்த இரண்டு குழாயையும் கழற்றினேன். கமிட்டியில் சத்தம் போட்டார்கள். மதகுப் பக்கத்துத் திண்ணையில் நடக்க முடியாத பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அவர்களுக்கு நான் செய்தது குறைதான், இன்றைக்கும் அது உறுத்துகிறது. ஆனால் மேடையில் நிற்பவருக்குக் கேட்காத பேச்சை ஊருக்குக் கொடுத்து என்ன பயன்? அன்றிலிருந்து தூரக் குழாய் கட்டுவதில்லை. முதலில் நடிகர்களுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்துவிட்டுத்தான் மற்றது.

அந்த நாரதர் வயதானவர், மைக்கிலிருந்து இரண்டடி தள்ளியே நிற்பார். அந்த நாளைய நாடக நட்சத்திரங்களான கிட்டப்பா வேலனாகவும் கே.பி. சுந்தராம்பாள் வள்ளியாகவும் நடித்த காலத்துக் கதைகளை அவர்தான் சொல்வார். கிட்டப்பா 1933இல் தன் 27ஆம் வயதில் இறந்துவிட்டார். மைக் இல்லாத மேடையில் கடைசி ஆள் வரை போன குரல் என்று சொல்லும்போது ஐயாவின் கண் கலங்கும்.

போன பங்குனியில் சிக்கல் என்ற ஊரைத் தாண்டி ஒரு கிராமம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விழாவுக்கு அரசு தளர்வு கொடுத்தாலும் 12 மணி வரைதான். மணி 12 ஆனதும் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். கிழவன் காட்சி பாக்கி இருந்தது. கலைந்துவிடுவார்கள் என்று பயந்தேன். யாரோ பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார், அவர் பின்னாலேயே மொத்தக் கூட்டமும் மேடையை ஒட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. பனி இறங்கிக் காற்று அசையாமல் இருந்தது. அப்படிப்பட்ட இரவில் குரல் நன்றாகவே போகும். எனக்கு வேலை இல்லை. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

கிழவன் தினைமாவைத் தின்று விக்க ஆரம்பித்தார். தண்ணீர், தண்ணீர் என்று கையை நீட்டினார். வள்ளி எழுவதற்குள், முதல் வரிசையில் இருந்த ஒரு ஆச்சி தன் சொம்பை எடுத்து மேடை விளிம்பில் வைத்து, "குடிங்க சாமி" என்றார். அவர் குனிந்து வாங்கிக் குடித்தார். தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.