அரிட்டாபட்டிப் பாறையும் 500 ரூபாய் ஆட்டோவும்

முதலில் அந்த ஆட்டோவைத் திட்டிவிடுகிறேன். மதுரைப் பக்கம் மேலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரிட்டாபட்டி ஒன்றும் சீமையில் இல்லை. போக மட்டும் 500 ரூபாய் கேட்டார். "மலைக்குக் கீழ வரைக்கும் விடணும்ல சார்" என்றார். ஊரே மலைக்குக் கீழேதானே இருக்கிறது! டவுன் பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நின்று பார்த்தோம், வரவில்லை. கூட வந்த நண்பனின் பெரியப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. 400-க்குப் பேசி ஏறினோம். இறங்கும்போது சில்லறை இல்லை என்று 500-ஐயும் வாங்கி வைத்துக்கொண்டார். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வர மூன்று பேருக்கும் ஆன பஸ் காசு அதில் கால்வாசிகூட இல்லை.

சரி, எதற்குப் போனோம் என்று சொல்கிறேன். என் நண்பன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அரிட்டாபட்டி மலைமேல் தொத்திக்கொண்டு நிற்கிற உருண்டைப் பாறைகளைக் காட்டி, பனியுகத்தில் பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரிய பனிப்பாளம், உருட்டி வந்து வைத்துவிட்டுப் போன கற்கள் இவை என்று ஒரு குரல் பேய்ப்பட இசையோடு அடித்துவிடுகிறது. நான் பாதி நம்பிவிட்டேன். நண்பனின் பெரியப்பா பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார்.

அவர் டீசல் மெக்கானிக். அண்டார்டிகாவில் இருக்கும் நம் நாட்டு பாரதி நிலையத்தில் ஜெனரேட்டர் பார்க்கப் போய், ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே கிடந்தவர். ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியனே எழாது. பொழுது போக வேண்டுமே, நிலவியல் படித்தவர்கள் சாப்பாட்டு மேசையில் பேசுவதையெல்லாம் கேட்டுக் கேட்டு அவரும் பாதி நிலவியலாளர் ஆகிவிட்டார். "மதுரையில ஐஸ் கல்லு உருட்டுச்சாமா? வாங்கடா, நேர்ல போய்ப் பார்ப்போம்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளப்பிவிட்டார்.

பஸ்ஸுக்காக நின்ற அந்த ஒரு மணி நேரம் வீண் போகவில்லை. எதிரே மீன் கடையில் ஒரு பையன் ஐஸ் பாரைக் கொக்கி போட்டுத் தரையில் இழுத்துக்கொண்டு போனான். பெரியப்பா என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். பார் போன தடத்தில் சிமென்ட் தரையில் மெல்லிய கோடுகள். "ஐஸு கல்லைக் கீறாது தம்பி. அடியில ஒட்டியிருக்கு பாரு மணலு, அதுதான் கீறுது. அங்கயும் இதே கதைதான். ஐஸு சும்மா பாரம், கத்தி எல்லாம் உள்ள மாட்டுன கல்லுதான்." அந்தக் கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றனவோ, அதை வைத்துத்தான் பனி எந்தத் திசையில் நகர்ந்தது என்று கண்டுபிடிப்பார்களாம். மீன்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

பாரதி 2012-இல் தொடங்கப்பட்டது. 134 கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டிய கட்டடம். இருக்கும் இடம் லார்ஸ்மான் குன்றுகள், அண்டார்டிகாவின் கிழக்குப் பாதியில், கடலோரமாகப் பனி மூடாமல் பாறை தெரியும் ஒரு துண்டு நிலம். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தேன். மதுரை 78 டிகிரி கிழக்கு, பாரதி 76 டிகிரி கிழக்கு. அதாவது நம்ம ஊரிலிருந்து நேர் தெற்கே 8,800 கிலோமீட்டர் போனால் கிட்டத்தட்ட அவர் வேலை பார்த்த ஜெனரேட்டர் ரூமில் போய் முட்டலாம்!

அரிட்டாபட்டியில் ஏறத் தொடங்கியதும் வீடியோவில் வந்த உருண்டைப் பாறை ஒன்றைத் தட்டிப் பார்த்தார். "அடியில இருக்கற பாறையும் இதுவும் ஒரே ரகமா இல்லையா?" ஒரே ரகம்தான், அதே பட்டை பட்டையான கோலம். ஐஸ் கொண்டுவந்த கல் பெரும்பாலும் அந்நியமாகத் தெரியுமாம். சிவப்புப் பாறைமேல் கறுப்புக் கல் தனியாக உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படலாம். இங்கே நடந்தது வேறு. பாறை வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, மூலைகள் முதலில் உளுத்து உதிர்ந்து, வெயிலும் மழையும் வெங்காயம் உரிப்பதுபோல் தோல் தோலாக உரித்து, கடைசியில் நடுக் கல் மட்டும் உருண்டையாக நின்றுவிட்டது. அது எங்கிருந்தும் வரவில்லை, பிறந்த இடத்திலேயே இருக்கிறது. வீடியோக்காரருக்கு இது போதாது போலிருக்கிறது. எனக்கென்னவோ இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

சமணர் படுகை, தமிழ் பிராமி எழுத்து, பாண்டியர் குடைவரை எல்லாம் பார்த்தோம். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கண்மாய்க் கரையில் உட்கார்ந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன்.

லார்ஸ்மான் குன்றுகளில் 150-க்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு. உறைந்த ஏரிமேல் நின்று துளை போட்டு, குழாய் இறக்கி, அடி வண்டலை அப்படியே உருவி எடுப்பார்களாம். "கண்மாய் வண்டல் மாதிரிதான், வருஷா வருஷம் படியும். அதுல கண்ணுக்குத் தெரியாத பாசி ஓடு இருக்கும். கடல் பாசின்னா அப்ப அது கடல், நல்லதண்ணிப் பாசின்னா ஏரி." கரையோரத்தில் இருக்கும் சில ஏரிகளின் வண்டலில் கீழ் அடுக்கில் கடல் பாசி, மேல் அடுக்கில் நல்லதண்ணிப் பாசி. காரணம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கிறது. பனியின் பாரம் நிலத்தையே கீழே அழுத்தி வைத்திருந்தது. பனி கரைந்து பாரம் குறைந்ததும் நிலம் மெதுவாக மேலே எழும்பி, கடலில் கிடந்த பள்ளத்தை ஏரியாகத் தூக்கிவிட்டது. பஞ்சு மெத்தையில் ஆள் எழுந்த பிறகு குழி மேலே வருவதுபோல, ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக.

இன்னொன்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது அந்தக் கரை முழுக்கப் பனிக்கடியில்தான் இருந்திருக்கும் என்று நான் நினைத்தேன். இல்லையாம். புரோக்னஸ் என்ற தீபகற்பத்தின் சில பகுதிகள் அப்போதும் மூடப்படாமல் தப்பித்திருக்கின்றன. அங்குள்ள ஏரி வண்டல்தான் சாட்சி.

அந்தக் காலத்தில் அவ்வளவு தண்ணீரும் நிலத்தின்மேல் பனியாக நின்றதால் கடல் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் கீழே கிடந்தது. கனடா, வட ஐரோப்பா பக்கம் இருந்த பனிக்குத்தான் இதில் பெரும்பங்கு, அண்டார்டிகாவுக்கும் பங்குண்டு. பாக் நீரிணை அத்தனை ஆழமில்லை. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். "ஐஸு இங்க வரல தம்பி. ஆனா நம்ம கடல்தண்ணியை எடுத்துட்டுப் போயிருச்சு" என்றார் பெரியப்பா. வீடியோ எடுக்க வேண்டுமென்றால் இதையல்லவா எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து தேடியதில் அவரையும் ஒரு இடத்தில் மடக்கினேன். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டு கோண்ட்வானா என்ற ஒரே பெருங்கண்டமாக இருந்தபோது நம் நாட்டிலும் பனியாறு இருந்திருக்கிறது. ஒடிசாவின் தால்ச்சேரில் அது விட்டுப்போன கல்லடுக்கை 1856-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். போன் போட்டுச் சொன்னேன். "இருக்கட்டும்ப்பா, இந்த உருண்டைக் கல்லு அப்ப பூமிக்கு அடியிலதானே கிடந்திருக்கும்" என்று ஒரே போடாகப் போட்டார்.

திரும்பும்போது ஊர்க்காரர் ஒருவர் சும்மாவே மேலூரில் இறக்கிவிட்டார். அங்கே ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பாடு. எலும்புக் குழம்பு, குடல் வறுவல், ரத்தப் பொரியல், ரசம். அந்த எலும்புக் குழம்புக்காகவே இன்னொரு முறை 500 ரூபாய் ஆட்டோவுக்கு அழலாம் போலிருந்தது. மூன்று பேருக்கு 620 ரூபாய். குளிர்காலம் முழுக்க டப்பாவிலும் ஃப்ரீசரிலும் இருந்ததையே தின்றதாகவும், கறிவேப்பிலை வாசனைக்கு ஏங்கியதாகவும் சொல்லிக்கொண்டே பெரியப்பா மூன்றாவது தடவை சோறு வாங்கினார். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் நாங்கள் இருவரும் ஜிகர்தண்டா சொன்னோம். அவர் டீ போதும் என்றுவிட்டார்.

போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள், பாறை சுட்டுவிடும். தொப்பி, தண்ணீர் கட்டாயம். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், பிளாஸ்டிக் போடாதீர்கள். சில்லறையாக நூறு ரூபாய் நோட்டுகள் நான்கு எடுத்துப் போங்கள்.